மூன்று பேருந்து தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம்

இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசு 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. வரவேற்க வேண்டிய செலவு இது. ஆனால், அந்த மடிக்கணினியைத் திறக்கும் மாணவர் தேர்வு முடிவுக்கும் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் போய் நிற்கப்போவது தன் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில்தான். அந்தத் தளம் வேண்டிய நேரத்தில் திறக்கிறதா, சிக்கல் வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

எருமப்பட்டியில் இருந்து பார்த்தால் இது எவ்வளவு முக்கியம் என்று விளங்கும். நாமக்கல் – துறையூர் சாலையில், கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய பேரூராட்சி இது. சின்ன வெங்காயம், மரவள்ளி, கோழிப்பண்ணை என்று பிழைக்கும் குடும்பங்கள். நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும், கவிஞர் இராமலிங்கம் அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கும், சேந்தமங்கலம் அரசுக் கல்லூரிக்கும் இங்கிருந்து பிள்ளைகள் தினமும் பேருந்து ஏறுகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள்.

அவர்களுக்குப் பட்டம் தருவது சேலத்தை அடுத்த கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம். 1997-இல் தொடங்கப்பட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. தேசியத் தர மதிப்பீட்டில் ஏ++ பெற்ற பல்கலைக்கழகம்.

எருமப்பட்டியில் இருந்து அங்கே போக, நாமக்கல்லில் ஒரு பேருந்து மாற வேண்டும். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இன்னொன்று மாற வேண்டும். போக வர ஒரு பகல் முழுதும் போய்விடும். பெண்பிள்ளைக்குத் துணையாகத் தகப்பனும் கிளம்பினால் வீட்டில் அன்றைய கூலியும் இல்லை. போன இடத்தில் “அந்தப் பிரிவு அலுவலர் இன்று விடுப்பு” என்றால் மறுபடியும் அதே மூன்று பேருந்து.

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிச் சேவை நன்றாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, எத்தனை சர்வர் வாங்கினார்கள், எத்தனை ஆய்வகம் திறந்தார்கள் என்று எண்ணுவதில் பயனில்லை. தொலைவில் இருக்கும் மாணவருக்கு இந்த அலைச்சல் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால், நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சமிருக்கிறது.

பிரவுசிங் சென்டரே உதவி மையம்

பல்கலைக்கழகத்தில் தேர்வுக் கட்டணம் ஆன்லைன், ஹால் டிக்கெட் ஆன்லைன், தேர்வு முடிவு ஆன்லைன், மறுமதிப்பீட்டு விண்ணப்பமும் ஆன்லைன். ஆனால், கிராமத்து மாணவருக்கு இவற்றையெல்லாம் செய்துகொடுப்பவர் யார்? பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் கடையில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். கல்லூரி விட்டு வந்த மாணவர்கள் மாலையில் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தக் கடைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பல்கலைக்கழகம் விட்டுவிட்ட வேலையைப் பத்து இருபது ரூபாய்க்குச் செய்து தருபவர்கள் அவர்கள். எந்தப் படிவத்தில் புகைப்படம் எத்தனை கேபி இருக்க வேண்டும், எந்தத் தளம் எந்த நேரத்தில் வேகமாகத் திறக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால், அங்கே நடப்பதைக் கூர்ந்து கவனித்தால் கவலை வருகிறது.

மாணவிக்கு மின்னஞ்சல் இல்லை என்றால், கடைக்காரர் தன் கடை மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். அவசரத்துக்கு ஓடிபி வருவதற்குத் தன் கைப்பேசி எண்ணையே கொடுப்பார். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். மூன்று ஆண்டு கழித்து, பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அந்த மாணவி திரும்ப உள்ளே நுழையப் பார்க்கும்போது, கடவுச்சொல் மாற்றும் இணைப்பு அவளுக்கு வராது. அந்தக் கடை மூடப்பட்டிருக்கலாம். கடைக்காரர் எண்ணை மாற்றியிருக்கலாம். பெயரில் ஓர் எழுத்தோ முதலெழுத்தோ தவறாகப் பதிவாகியிருந்தால், அதைத் திருத்தவும் கருப்பூர்தான் போக வேண்டும்.

இதில் பணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கல்வி உதவித்தொகை இப்போது ‘யூமிஸ்’ எனப்படும் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் தளத்தின் வழியாகத்தான் போகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் மாணவரின் விவரம் சரியாக இருந்தால்தான் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் அட்டையில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் வேறு முதலெழுத்து, கல்லூரிப் பதிவில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடும். அந்த 1,000 ரூபாய்தான் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் என்றிருக்கும் வீடுகளில், கணினிப் பதிவில் நேரும் ஓர் எழுத்துப்பிழை படிப்பையே நிறுத்திவிடக்கூடும்.

இந்தப் பிழைகளைத் திருத்துவது கடினமான தொழில்நுட்பமே அல்ல. சேர்க்கை நாளிலேயே மாணவரை எதிரே உட்காரவைத்து, அவருடைய சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து, பெயரை அவர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளச் செய்தால் பாதித் தொல்லை அன்றே தீர்ந்துவிடும். அதைச் செய்யச் சொல்லிக் கல்லூரிகளுக்கு யார் உத்தரவிடுவது, செய்தார்களா என்று யார் பார்ப்பது? அங்கேதான் தலைமை பற்றிய கேள்வி வருகிறது.

யாரைக் கேட்பது?

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் தேர்வுக்கு ஒரு கட்டுப்பாட்டு அலுவலர் இருக்கிறார். நிதிக்கு நிதி அலுவலர். நூலகத்துக்கு நூலகர். நிர்வாகத்துக்குப் பதிவாளர். ஒவ்வொரு பதவிக்கும் சட்டத்தில் இடமுண்டு, பொறுப்புண்டு. கணினிச் சேவைக்கு மட்டும் பெரும்பாலான இடங்களில் அப்படி ஒருவர் கிடையாது. கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் ‘கூடுதல் பொறுப்பு’ ஒப்படைக்கப்படும். அவர் வகுப்பும் எடுக்க வேண்டும், ஆய்வு மாணவர்களையும் பார்க்க வேண்டும், வைஃபை வரவில்லை என்ற புகாரையும் கேட்க வேண்டும்.

அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். வேலை நன்கு தெரிந்த இளைஞர் ஒருவர், இதைவிட நல்ல சம்பளம் கிடைத்ததும் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவார். எந்த சர்வர் எங்கே இருக்கிறது, எந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்ற அறிவும் அவரோடு போய்விடும். தேர்வுப் பிரிவின் மென்பொருள் ஒரு நிறுவனத்திடம், சேர்க்கை வேறொரு நிறுவனத்திடம், தொலைநிலைக் கல்வி மூன்றாவது நிறுவனத்திடம் என்று பிரிந்து கிடந்தால், ஒரே மாணவரின் பெயரை மூன்று இடத்தில் திருத்த வேண்டியிருக்கும்.

லாரித் தொழிலில் ஊறிய மாவட்டம் நம்முடையது. வண்டி வாங்கக் கடன் எடுத்துவிட்டு, டயருக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் எஃப்.சி.க்கும் காசு ஒதுக்காத ஓனர் எத்தனை நாள் வண்டி ஓட்டுவார் என்பது நாமக்கல்லில் சின்னப் பையனுக்கும் தெரியும். பல்கலைக்கழகங்களின் கணினிச் செலவு அப்படித்தான் நடக்கிறது. வாங்குவதற்கு மானியம் வருகிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. மூன்றாம் ஆண்டில் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கோப்பு நகர்வதில்லை.

இதோடு இன்னொரு வெற்றிடமும் சேர்ந்துகொண்டது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இழுபறியால், தமிழ்நாட்டின் பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் குழுக்களின் நிர்வாகத்தில் இயங்கியிருக்கின்றன. இந்த இழுபறி குறித்து 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் நியமனச் சிக்கல் உடனே ஓயவில்லை. துணைவேந்தரே இல்லாதபோது ஐந்தாண்டுக் கணினித் திட்டத்தில் எந்தக் குழு துணிந்து கையெழுத்திடும்? ஆகவேதான், துணைவேந்தர் வந்தாலும் போனாலும் தொடர்ந்து நிற்கும் ஒரு பொறுப்பான பதவி இந்தச் சேவைக்கு வேண்டும் என்கிறேன்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்

தலைமை தவறினால் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு மும்பைப் பல்கலைக்கழகம் சாட்சி. 1857-இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. 2017-இல் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையிலேயே திருத்தும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். யோசனை தவறில்லை. கூட்டல் பிழை குறையும், விடைத்தாள் தொலையாது. ஆனால், ஏதாவது ஒரு பாடத்தில் சின்ன அளவில் செய்து பார்க்காமல், ஒரே பருவத்தில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களுக்கு அந்த முறையைப் புகுத்தினார்கள்.

ஸ்கேன் செய்வதில் தாமதம், ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, தளம் அடிக்கடி நின்றது. ஜூலை 31-க்குள் முடிவுகள் வர வேண்டும் என்று வேந்தரான ஆளுநர் கெடு வைத்தும் முடியவில்லை. சட்டம், வணிகவியல் மாணவர்கள் செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் தவித்தவர்கள் பலர். அக்டோபரில் துணைவேந்தர் பதவியில் இருந்து நீக்கப்பட்டார். ஒரு மென்பொருளை நடைமுறைப்படுத்திய விதத்தால் துணைவேந்தர் ஒருவர் பதவியிழந்தது நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் படிக்க வேண்டிய பாடம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. கொரோனா காலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய இணையவழித் தேர்வில், மாணவரின் முகத்தையும் அசைவையும் கேமரா வழியாகச் செயற்கை நுண்ணறிவு கண்காணித்தது. இணையம் விட்டுவிட்டு வந்த வீடுகளில் இருந்தவர்கள், ஒரே அறையில் குடும்பம் முழுதும் வாழும் வீட்டுப் பிள்ளைகள், தாங்கள் காப்பியடிக்காமலே முறைகேட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகக் குமுறினார்கள். முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன, தேர்ச்சி சரிந்தது. கடைசியில் 2021 மே மாதம் மறுதேர்வு எழுதலாம் என்று உயர்கல்வி அமைச்சரே அறிவிக்க வேண்டியதாயிற்று. நகரத்து பிராட்பேண்டை மனத்தில் வைத்து வடிவமைத்த ஒன்றைக் கொல்லிமலை அடிவாரத்து கைப்பேசி சிக்னலில் ஓட்டச் சொன்னதன் விளைவு அது.

அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில், முறையாகச் சேராத 117 பேர் இணையவழித் தேர்வு எழுதியது பின்னர் தெரியவந்தது. சேர்க்கைப் பதிவும் கட்டணப் பதிவும் தேர்வுப் பதிவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத அமைப்பில் இத்தகைய ஓட்டை விழத்தான் செய்யும். நேர்மையாகப் படித்தவரின் பட்டத்துக்கும் அதனால் மதிப்புக் குறைகிறது.

நம்மால் முடிந்தது

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பொறியியல் கலந்தாய்வை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் நாமக்கல்லில் இருந்தும் தருமபுரியில் இருந்தும் பெற்றோர்கள் பெட்டி படுக்கையோடு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள். 2018-இல் அந்தக் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. மாற்றியவர்கள் இணையதளத்தைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. கணினியும் இணையமும் இல்லாதவர்களுக்காக மாநிலம் முழுதும் நாற்பதுக்கும் மேற்பட்ட உதவி மையங்களை அமைத்தார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மாவட்டத்திலேயே நடந்தது. எதிர்ப்புக் குரல்கள் இருந்தன, முதல் ஆண்டு தடுமாற்றமும் இருந்தது. ஆனால், சென்னைப் பயணம் ஒழிந்தது.

மின்வாரியத்தின் ‘மின்னகம்’ இன்னொரு எடுத்துக்காட்டு. 2021 ஜூனில் தொடங்கிய அந்த மையத்துக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே எண். டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்றாலும் மின்கட்டணக் குழப்பம் என்றாலும் அங்கே சொல்லலாம். எந்தப் பிரிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவையில்லை. பல்கலைக்கழகம் என்றால் மட்டும் ஏன் மாணவருக்குப் பிரிவின் பெயரும் அறை எண்ணும் தெரிந்திருக்க வேண்டும்?

இலங்கையில் இருந்தும் கற்கலாம். யாழ்ப்பாணம் உட்பட அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ என்ற கல்வி வலையமைப்பு, கொரோனா ஊரடங்கின்போது பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் இணையவகுப்பு வசதியைச் சேர்த்தே ஏற்பாடு செய்தது. தொலைபேசி நிறுவனங்களோடு பேசி, பல்கலைக்கழகக் கற்றல் தளங்களைப் பார்க்க மாணவருக்கு டேட்டா செலவே இல்லாமல் செய்தார்கள். அங்கே எந்தப் பல்கலைக்கழகமும் தனித்தனியாக நின்று பேரம் பேசவில்லை. சேர்ந்து நின்றார்கள், கிடைத்தது.

கதவு திறந்திருக்கிறது, வழி தெரியவில்லை

சிறந்த கணினித் தலைமை இல்லாவிட்டால் கைக்கு வந்ததும் வீணாகும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் கட்டணமின்றிப் படிக்கலாம். பணம் கொடுத்து வாங்கினால் ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் கேட்கும் இதழ்கள் இவை.

சேந்தமங்கலம் அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவர், கோழிகளுக்கு வரும் நோயைப் பற்றியோ மரவள்ளியில் மாவுப்பூச்சி பற்றியோ இந்த இதழ்களில் வெளியான கட்டுரைகளைப் படிக்கலாம் என்பதுதான் இதன் பொருள். ஆனால், கல்லூரி வளாகத்துக்குள் இருந்தால் மட்டும் திறக்கும், மாலை ஐந்து மணிக்கு வளாகத்தைப் பூட்டிவிடுவார்கள் என்றால் பேருந்தில் வரும் பிள்ளைக்கு என்ன பயன்?

வீட்டில் இருந்தும் படிக்க வழி இருக்கிறது. ‘இன்ஃபிளிப்நெட்’ என்ற மத்திய நூலக வலையமைப்பு அதற்கான அடையாள முறையை நடத்துகிறது. கல்லூரி அதில் சேர்ந்து, தன் மாணவர் ஒவ்வொருவருக்கும் நிறுவன அடையாளம் ஒன்றை உருவாக்கித் தர வேண்டும். படிப்பு முடித்தவரை நீக்கி, புதியவரைச் சேர்த்துப் பராமரிக்க வேண்டும். இது ஓர் ஆளின் வேலை. அந்த ஆள் இல்லாத இடத்தில் 6,000 கோடி ரூபாய்த் திட்டமும் எட்டாத உயரத்தில் நின்றுவிடும்.

திருட்டுப் பயம்

பதிவுகளைத் திருடர்களிடமிருந்து காக்கவும் ஆள் வேண்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் ஓர் ஊழியர் தனக்கு வந்த மின்னஞ்சலில் இருந்த இணைப்பைத் திறந்தார். அதன் வழியே நுழைந்தவர்கள் இரண்டு மாதம் சத்தமில்லாமல் உள்ளே உலவி, டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில், நூற்றுக்கணக்கான சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். மாற்றுப்படிகளில் சிலவும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. பல்கலைக்கழகம் 30 பிட்காயினைப் பிணைத்தொகையாகக் கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் இரண்டு லட்சம் யூரோ.

பல்கலைக்கழகம் செய்த பெரிய காரியம் அதன் பிறகு நடந்தது. மறைக்கவில்லை. என்ன தவறு நடந்தது, எப்படி நுழைந்தார்கள், ஏன் பணம் கொடுத்தோம் என்று 2020 பிப்ரவரியில் பொதுக்கூட்டம் போட்டு விளக்கினார்கள். மற்றப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வீட்டைச் சரிபார்த்துக்கொள்ள அது உதவியது.

நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பரில் இதேபோல் தாக்கப்பட்டு, நாள்கணக்கில் நோயாளிகளின் பதிவைக் கையால் எழுத வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்திடம் இருப்பதும் சாதாரணத் தகவல்கள் அல்ல. மாணவரின் ஆதார், சாதிச் சான்று, குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு, முப்பது ஆண்டு மதிப்பெண்கள். அந்த மதிப்பெண் பதிவு அழிந்தால் 2003-இல் பட்டம் பெற்றவருக்கு உண்மைத்தன்மைச் சான்று யார் தருவார்?

சட்டமும் இப்போது இறுக்கமாகிவிட்டது. கணினித் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினி அவசர உதவி அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதலே உத்தரவு இருக்கிறது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காப்பு நடவடிக்கையில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. கூடுதல் பொறுப்பில் இருக்கும் பேராசிரியர் ஒருவரின் தலையில் இத்தனையையும் ஏற்றுவது அவருக்கும் அநியாயம், மாணவருக்கும் ஆபத்து.

செய்ய வேண்டியது

முதலில் ஆள். பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆகியோருக்கு இணையான தகுதியில், முழுநேரத் தகவல் தொழில்நுட்பத் தலைமை அலுவலர் பதவி ஒன்றைப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே உருவாக்க வேண்டும். ஐந்தாண்டுக் காலம். ஆட்சிக்குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் உரிமை. இயந்திரம் தெரிந்தவரா என்பதைவிட, பெரிய சேவை ஒன்றை மக்களுக்கு நடத்திக் காட்டியவரா என்று பார்த்து எடுக்க வேண்டும். அவருக்குக் கீழே, முக்கியமான வேலைகளுக்காவது நிரந்தர ஊழியர்கள் இருக்க வேண்டும். எல்லோரும் ஒப்பந்தத்தில் என்றால் இவரும் ஓராண்டில் கைவிரித்துவிடுவார்.

அடுத்து, என்னென்ன சேவை, எத்தனை நாளில் என்று ஒரு பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். பெயர்த் திருத்தம் ஏழு நாள், தற்காலிகச் சான்றிதழ் பத்து நாள் என்று ஏதோ ஒரு கெடு. நாள் எண்ணிக்கையைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யட்டும், ஆனால் சொன்ன நாளைக் காப்பாற்ற வேண்டும். மாதந்தோறும் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை கெடுவுக்குள் முடிந்தது என்பதை இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். அந்தக் கணக்கு ஆட்சிக்குழுவுக்கும் போக வேண்டும்.

பெரியார் பல்கலைக்கழகத்தின் நான்கு மாவட்டத்துக்கும் ஒரே உதவி எண். தமிழில் பேசுபவர்கள். கல்லூரி விட்டு வீடு சேர்ந்த பிறகும் பேசக்கூடிய வகையில் இரவு எட்டு மணி வரை. ஒவ்வொரு புகாருக்கும் குறிப்பு எண். தீர்ந்தது என்று மாணவர் ஒப்புக்கொண்ட பிறகே புகாரை முடிக்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வு காட்டிய வழியில், நாமக்கல், சேந்தமங்கலம், இராசிபுரம் போன்ற ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் பல்கலைக்கழக உதவி மையம் திறக்கலாம். புதிய கட்டடம் வேண்டாம், இருக்கும் கணினி ஆய்வகம் போதும். அங்கே அமர்த்த வெளியூரில் இருந்து ஆள் கொண்டுவரவும் வேண்டாம். கணினிப் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து, மணிக்கு இவ்வளவு என்று ஊதியம் தந்தால் அவர்கள் செய்வார்கள். படிக்கும்போதே வேலை அனுபவமும் கையில் கொஞ்சம் பணமும் கிடைக்கும். எருமப்பட்டி போன்ற ஊர்களின் இ-சேவை மையங்களையும் இதில் இணைத்து, நடத்துபவர்களுக்கு முறையாகப் பயிற்சி தரலாம். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கும் அந்தப் பயிற்சி கிடைத்தால் இன்னும் நல்லது. இன்று அவர்கள் தெரியாமல் செய்யும் தவறுகள் குறையும்.

தேர்வு முடிவு நாளில் தளம் முடங்குவதைத் தவிர்க்க, ஒரே வாசலில் எல்லோரையும் நிறுத்தாமல் இருந்தால் போதும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் குறுஞ்செய்தியிலும் டிஜிலாக்கரிலும் வருகின்றன. பள்ளிக்கு முடிந்தது பல்கலைக்கழகத்துக்கு முடியாதா? மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றும் டிஜிலாக்கரில் முழுமையாகவும் பிழையில்லாமலும் ஏறிவிட்டால், வேலைக்குப் போகும் பிள்ளைகள் நகலுக்கும் சரிபார்ப்புக்கும் அலைய வேண்டியதே இல்லை. பழைய ஆண்டுப் பதிவுகளையும் படிப்படியாக ஏற்றத் தனி நிதி ஒதுக்க வேண்டும்.

எந்தப் புதிய முறையையும் ஒரு துறையிலோ ஐந்து கல்லூரிகளிலோ ஒரு பருவம் நடத்திப் பார்க்காமல் எல்லோருக்கும் கட்டாயமாக்கக் கூடாது. சோதனைக் கல்லூரிகளில் ஒன்றாவது சிக்னல் குறைந்த கிராமப்புறக் கல்லூரியாக இருக்க வேண்டும். மலிவான கைப்பேசியில், மெதுவான இணையத்தில் திறக்காத எந்தத் தளத்தையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தரவு பல்கலைக்கழகத்துக்கே சொந்தம், நிறுவனம் மாறினால் முழுப் பதிவையும் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக மென்பொருள் வாங்குவதும் வீண் செலவு. டெல்லி பல்கலைக்கழகம் மத்திய கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் உருவாக்கிய ‘சமர்த்’ மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பெரியார், பாரதியார், பாரதிதாசன், அழகப்பா, திருவள்ளுவர் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் தேர்வும் சேர்க்கையும் சான்றிதழும் ஏறக்குறைய ஒரே வேலைதான். மாநில உயர்கல்வி மன்றம் முன்னின்று, யூமிஸோடு இணைந்த பொது மென்பொருள் ஒன்றை இவர்களுக்காக உருவாக்கித் தரலாம். மாணவர் ஒருமுறை பதிந்த பெயர் எல்லா இடத்திலும் அதே எழுத்துக்கூட்டலோடு போய்ச் சேரும்.

பாதுகாப்புக்கு, தரவின் மூன்று படிகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வலையமைப்போடு தொடர்பில்லாமல் வேறு ஊரில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அந்தப் படியில் இருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத படியை நம்பக் கூடாது. வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நிறுத்த வேண்டும். தவறு நடந்தால் மாஸ்ட்ரிக்ட் செய்ததுபோல் மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், உண்மைதான். மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிதி நெருக்கடி எல்லோரும் அறிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளே 2024-இல் வருமான வரி நிலுவைக்காக முடக்கப்பட்டன. ஆனால், 20 லட்சம் மடிக்கணினிக்கு முதலில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்க முடிந்த அரசால், அந்தக் கணினி சென்று சேரும் பல்கலைக்கழகச் சேவைக்கும் ஒரு சிறு பங்கைக் கொடுக்க முடியும்.

கல்லூரி முதல்வர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில், அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணும் சொந்த மின்னஞ்சலும் சரியான பெயரும் பதிவாகின்றனவா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. மற்றது அரசின் கையிலும் பல்கலைக்கழகத்தின் கையிலும் இருக்கிறது. அடுத்த நிதியாண்டின் வரவு செலவுத் திட்டம் ஆட்சிக்குழுவின் முன்னால் வரும்போது, தகவல் தொழில்நுட்பத் தலைமை அலுவலர் பணியிடத்தையும் மாவட்ட உதவி மையங்களுக்கான நிதியையும் அதில் சேர்க்க வேண்டும். உயர்கல்வித் துறை தாமதமின்றி அதற்கு அனுமதி தர வேண்டும்.